அப்பளமாய் நெளியும் ஆல்பம்

கேள்வி: அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்காகப் பூப்போட்ட கிஃப்ட் பேப்பர்களை வெட்டி ஒட்டி, நடுவே பழைய போட்டோக்கள் வைத்து ஆல்பம் செய்கிறேன். ஒட்டிய மறுநாளே பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிகிறது. போன முறை மைதாப் பசையில் செய்ததைப் பூச்சி அரித்துவிட்டது. என்ன செய்யலாம்? - வாசகி, ஏற்காடு

பதில்: பூச்சியைத் திட்டாதீர்கள் சகோதரி, பந்தி வைத்ததே நாம்தான். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் உயிர். உங்கள் ஊர் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சேலத்தில் எங்கள் வீட்டில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவைக் காய்ச்சித்தான் பட்டம் முதல் நோட்டு அட்டை வரை ஒட்டுவோம். அப்படி ஒட்டிய என் முதல் ஆல்பத்தில், அக்கா கல்யாணப் பத்திரிகையிலிருந்த பிள்ளையாருக்குத் தும்பிக்கை மட்டும்தான் மிஞ்சியது! மாவுப் பசையை விடுங்கள்.

நெளிவதற்குக் காரணம் தண்ணீர். துணிக்குப் பாவு, ஊடை இருப்பதுபோல் தாளுக்கும் இழை ஓடும் திசை ஒன்று உண்டு. நனைந்தால் அந்த இழைக்குக் குறுக்கேதான் தாள் அதிகம் விரியும். தாளை மடிக்காமல், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்து மேலே உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். எப்படி வளைத்தால் முரண்டு பிடிக்காமல் படிகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் இழையின் திசை. அடி அட்டை, மேல் தாள் இரண்டுக்கும் அது ஆல்பத்தின் தையலை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடட்டும். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

சிறிய துண்டுகளுக்குக் குச்சிப் பசையோ இருபக்க டேப்போ போதும். பெரிய தாளுக்கு வெள்ளைப் பசைதான் என்றால் மெல்லிசாகத் தடவி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, கனமான புத்தகங்களை ராத்திரி முழுக்க ஏற்றி வையுங்கள். அட்டையின் கனம் 200 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில்) குறைய வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சு உள்ள பளபள தாளை நான் தொடுவதே இல்லை, ஓரம் சுருண்டுகொண்டே இருக்கும். வீட்டில் குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளைவிட நல்ல அலங்காரத் தாள் கடையில் கிடைக்காது. தங்க ஓரத்தை மட்டும் நறுக்கி வையுங்கள்.

போட்டோவின் முதுகில் பசை வேண்டாம், நான்கு மூலையிலும் தாள் முக்கோணம் ஒட்டிச் செருகுங்கள். செய்தித்தாள் துணுக்கு பழுத்துப் பக்கத்துத் தாளையும் கறையாக்கும், அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.

அப்புறம், ஒட்ட ஒட்ட ஆல்பம் வாயைப் பிளக்கும். ஒவ்வொரு மூன்றாவது பக்கத்தையும் தையலோரம் ஒரு அங்குலம் விட்டு வெட்டிவிட்டால் மூடும். அதை ஒட்டத் தொடங்கும் முன்பே வெட்டிவிடுங்கள். நான் எல்லாம் முடித்த பிறகு வெட்டப்போய், பாட்டியின் பாதி முகம் போயிற்று.