எடையைக் காட்ட வேண்டாம், நேரத்தைச் சொன்னால் போதும்

கேள்வி: குழித்துறைப் பக்கம் ஒரு அண்டியாபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், கணக்கு எழுதுகிறேன். வயது 41. எங்களில் ஏழு பெண்கள் சேர்ந்து, இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் மறுநாள் பகல் 12 வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று தொடங்கினோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் உண்டு. தினமும் காலையில் எடை மெஷினில் ஏறி, கால் விரலும் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட வேண்டும் என்பது விதி. முதல் மாதம் பிரமாதமாகப் போனது. இப்போது ரெண்டு பேர் படம் போடுவதே இல்லை, அதில் ஒருத்தி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை. இன்னொரு அக்காவுக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் வேலைக்கு நடுவில் கை நடுங்கி வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு வருகிறவள், அவளால் பகல் 12 வரை தாங்க முடியவில்லை. எனக்கும் நாலு கிலோ குறைந்து அப்படியே நின்றுவிட்டது. குழுவைக் கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். ஆனால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தச் சர்க்கரை அக்கா.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீரென்று அகோரப் பசி, இதெல்லாம் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது வருகிறவை. அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு மாதிரிப் பெயர் இருந்தால், அந்த மருந்து நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால் அது வேறு கதை, நீண்ட நேரம் பட்டினி கிடக்கும்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விடலாம். ஆகவே அவர் நாளைக் காலையிலிருந்து வழக்கம்போலக் காலைச் சாப்பாடு சாப்பிடட்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, சாப்பாட்டை நிறுத்தியதைத்தான் நிறுத்த வேண்டும். டாக்டரிடம் "நான் இத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க ஆசைப்படுகிறேன்" என்று வாய் திறந்து சொல்லி, அவர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்த பிறகு யோசிக்கலாம்.

மறுபடி நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. இதைக் குழுவில் ஏழு பேருக்கும் தெரிய வையுங்கள். போன வாரம் அவர் பக்கத்தில் ஆள் இருந்தது பெரிய விஷயம், வீட்டில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நினைக்கவே பிடிக்கவில்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், 18 வயது நிறையாதவர்கள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள், முன்பு சாப்பிட்டுவிட்டு வேண்டுமென்றே வாந்தி எடுக்கிற மாதிரிச் சிக்கல் இருந்தவர்கள், இவர்களும் இந்த முறைக்குள் வர வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தடையில்லை, அது எப்படியும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டியதுதான்.

சரி, இப்போது படம்.

ஒரு மனுஷியின் எடை ஒரே நாளில் ஒரு கிலோ, சில நாள் ரெண்டு கிலோகூட ஏறி இறங்கும். முந்தின ராத்திரி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் உடம்பு ஊதும். காலையில் வயிறு சரியாகப் போகவில்லை என்றால் அதுவும் எடையில் சேரும். இதில் எதுவுமே கொழுப்பு இல்லை. ஆனால் அந்த எண்ணைப் படம் பிடித்து ஆறு பேர் பார்க்கிற இடத்தில் போடும்போது, 16 மணி நேரம் ஒழுங்காக இருந்தவள் முந்தின நாளைவிட 800 கிராம் கூடக் காட்டி தலைகுனிகிறாள், ராத்திரி பத்து மணிக்கு பிரியாணி சாப்பிட்டவள் ஏதோ காரணத்தால் அரை கிலோ குறைத்துக் காட்டி கைதட்டு வாங்குகிறாள். ரெண்டு மூன்று முறை இப்படி நடந்தால் யார்தான் படம் போடுவார்கள்? உங்கள் தோழி கோபத்தில் ஒதுங்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை, வெட்கப்பட்டுத்தான் ஒதுங்கியிருப்பாள்.

இதில் நம் ஊர் வழக்கமும் கொஞ்சம் விளையாடுகிறது. உங்கள் பக்கத்தில் விரதம் யாருக்கும் புதிதல்ல. தவக்காலத்தில் ஒரு சந்தி இருப்பவர்கள் ஒருபக்கம், சஷ்டி இருப்பவர்கள், மாலை போட்டு மண்டல விரதம் இருப்பவர்கள் இன்னொரு பக்கம், ரமலான் நோன்பு வைக்கிறவர்கள் அடுத்த தெருவில். இவையெல்லாம் நடப்பதற்குக் காரணம் வீடே, சில நேரம் தெருவே சேர்ந்து இருப்பதுதான், தனியாக இருந்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அந்தப் பலம் உங்கள் குழுவுக்கும் இருக்கிறது. கூடவே ஒரு பாரமும் வந்து சேர்ந்துவிட்டது: சாமிக்கு இருக்கிற விரதத்தை முறித்தால் குற்றம் என்று பழகிய மனது, எடைக்கு இருக்கிற விரதத்தில் பத்தரை மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டதற்கும் அதே குற்றத்தைச் சுமக்கிறது. இங்கே யாருக்கும் நேர்ச்சை இல்லை. பத்தரைக்குச் சாப்பிட்டால் அன்றைக்குப் பதினாலரை மணி நேரம் ஆயிற்று, அவ்வளவுதான்.

கூட்டாகச் செய்வதில் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு, அளவோடு. அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஒரு ஆய்வில், எடை குறைப்புக்கு மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவும் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 95 பேர் பாதியில் விடாமல் முடித்தார்கள், தனியாக வந்தவர்களில் 76. நாலாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை குறைத்த எடையை முழுசாகக் காப்பாற்றியவர்கள் அங்கே 66, இங்கே 24. உங்களுக்கு இன்னும் பக்கத்தில், களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் வருகிற நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே ஒன்று நடந்திருக்கிறது. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 1,007 பேரை 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து எடுத்து, பாதிப் பகுதிகளில் உள்ளூர் ஆட்களையே குழுத் தலைவர்களாகப் பயிற்சி கொடுத்துக் கூட்டங்கள் நடத்தவைத்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. ரெண்டு வருடத்தில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்தது, அந்த வித்தியாசம் அடித்துச் சொல்லும் அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. அதாவது குழு மாற்றுவது பழக்கத்தை. கொழுப்பைக் குழு கரைக்காது, கொழுப்பைக் கரைக்கிற வேலையை விடாமல் செய்ய வைக்கும்.

அதனால் உங்கள் குழுவில் எடைக்குப் பதிலாக நேரத்தைப் போடுங்கள். ராத்திரி கடைசி வாய் எத்தனை மணிக்கு, மறுநாள் முதல் வாய் எத்தனை மணிக்கு, இரண்டே எண். ஒருத்தி "நேத்து மாமியார் வந்திருந்தாங்க, ஒன்பதரைக்குத்தான் சாப்பிட்டேன்" என்று போட்டால், மற்றவர்கள் எழுத வேண்டியது "சரி, இன்னைக்கு ஒண்ணரைக்குச் சாப்பிடு, இல்லாட்டி பன்னிரண்டுக்கே சாப்பிடு, ஒண்ணும் குறைஞ்சிடாது" என்பதுதான். "அய்யோ ஏன்டி" வேண்டாம். அழுகிற எமோஜியும் வேண்டாம். பாறசாலைப் பக்கமிருந்து வருகிற ஆள் யாராவது குழுவில் இருந்து தமிழ் எழுத்து வாசிக்க வராது என்றால் வாய்ஸ் மெசேஜ் போடட்டும், மலையாளத்தில் பேசினாலும் உங்களுக்குப் புரியும்தானே. எடையை அவரவர் வீட்டில், வாரத்துக்கு ஒரு நாள், காலையில் வெளிக்குப் போன பிறகு பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். கூடவே மாதம் ஒருமுறை தையல் டேப்பால் இடுப்புச் சுற்றளவு. நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு, பல நேரம் எடை அசையாதபோதும் டேப் அசையும்.

ஏழு பேரும் ஒரே நேரம் பிடிக்க வேண்டும் என்ற விதியும் தேவையில்லை. பால்வெட்டுக்குப் போகிறவள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்தில் ஏறி, மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்து, பாலெடுத்து ஊற்றிவிட்டு வரும்போது உங்களுக்கு அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். அவளைப் பகல் 12 வரை காயப்போடுவது அநியாயம். அவள் காலை 8-க்குப் புட்டும் பயறும் சாப்பிடட்டும், மாலை 4 அல்லது 5-க்கு முடித்துக்கொள்ளட்டும். சீனாவில் குவாங்சௌ நகரில் 139 பேரை வைத்து ஒரு வருடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வில் பின்பற்றியதே காலை 8 முதல் மாலை 4 வரைதான். அதுவும் கஷ்டமென்றால் 12 மணி நேர இடைவெளியோடு நிற்கட்டும். குழுவில் அவளுடைய எண்கள் வேறாக இருக்கும், அவ்வளவே.

ஒதுங்கிய தோழியிடம் குழுவில் வைத்து எதுவும் கேட்காதீர்கள். நேரில், தனியாக, சாயா குடிக்கிற நேரத்தில் போய், "படம் போடுற விதியை எடுத்தாச்சு, நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். திரும்பி வா என்று கெஞ்ச வேண்டாம். அவளுக்கு இது ஒத்துவரவில்லை என்றால் விலகவும் உரிமை உண்டு, விலகுகிறவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், மாதவிலக்கு தள்ளிப்போவது, சாப்பிடும் நேரம் வந்ததும் கட்டுப்பாடில்லாமல் வாரித் தின்பது, இவை வந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இப்படிக் குழுக்களில் மூன்றாம் மாதம் யாராவது ஒருத்தர் டப்பா பவுடர் விற்க ஆரம்பிப்பார். விற்கிறவரும் வாங்காதவரும் ஒரே குழுவில் நிம்மதியாக இருக்க முடியாது. முளையிலேயே சொல்லிவிடுங்கள். 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்யும், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று சுற்றுகிற ஃபார்வர்டும் வரும். 2016-ல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கொடுத்தது உண்மைதான், ஆனால் அதற்கு ஆதாரமான வேலையை அவர் செய்தது ஈஸ்ட் செல்லில், அதிலிருந்து குழித்துறையில் உங்கள் இடுப்புக்குக் கணக்குப் போட முடியாது.

கடைசியாக உங்கள் நாலு கிலோ. முதல் வாரத்தில் குறைந்ததில் ஒரு பங்கு தண்ணீர், உடம்பில் சேமித்த மாவுச்சத்து கரையும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரும் சேர்ந்து வெளியேறும். அது எல்லோருக்கும் நடப்பது. அதற்குப் பிறகு குறைய வேண்டுமென்றால் சாப்பிடும் அளவு குறைய வேண்டும், நேரம் மட்டும் போதாது. 2020-ல் அமெரிக்காவில் உங்களுடைய அதே பகல் 12 முதல் இரவு 8 வரையிலான நேரத்தை 116 பேரில் ஒரு பாதிக்குக் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் சாப்பிடுங்கள் என்று 12 வாரம் விட்டார்கள். மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை, குறைந்ததிலும் தசை சேர்ந்து போயிருந்தது.

ஆகவே 12 மணிக்கு முதலில் எதைத் தொடுகிறீர்கள் என்று பாருங்கள். மரச்சீனிக் கிழங்கைக் குவித்துவிட்டு மீன் ஒரு துண்டு என்றிருந்தால், அதைத் திருப்பிப் போடுங்கள்: சாளை நாலைந்து, கிழங்கு கொஞ்சம். மீன் இல்லாத நாளில் முட்டையோ சிறுபயறோ கடலையோ. காலையில் கட்டன் சாயா குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல். கருப்பட்டிக் காப்பி குடித்தால் விரதம் முறிந்த கணக்குதான், கருப்பட்டியும் சர்க்கரைதான், எத்தனை பேர் எவ்வளவு சண்டை போட்டாலும். நாலு மணி பழம்பொரி தினமும் வேண்டாம். எட்டு மணிக்குக் கதவு சாத்திவிடும் என்கிற அவசரத்தில் ஏழே முக்காலுக்கு ரெண்டாவது முறை சோறு போட்டுக்கொள்கிறீர்களா என்றும் பாருங்கள், இது நிறையப் பேர் செய்வது.

அப்புறம், நீங்கள் வேலை பார்ப்பது அண்டியாபீஸில். பருப்பு தரம் பிரிக்கிற பக்கம் போய்வரும்போது உடைந்த பருப்பு ரெண்டு வாயில் போவது உங்களுக்கே தெரியாமல் நடக்கும். நூறு கிராம் முந்திரியில் 550 கலோரிக்கு மேல், ஒரு சிறங்கை, சுமார் 30 கிராம், என்றாலே 165 ஆயிற்று. ஒரு வாரம் அதையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள், கணக்கு எழுதுகிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதெல்லாம் சரி செய்து, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தும், ரெண்டு மாதத்தில் எடையும் டேப்பும் அசையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி தைராய்டுக்கு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பாருங்கள்.