நாற்பது பேர் கூட்டமும் நாலு பேர் குழுவும்

கேள்வி: பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தை இந்த ஆண்டு என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பிரசங்கம் செய்யச் செய்தியாளர் ஒருவர் வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை வேதபாடக் குழுவுக்கு நாலு பேர்தான், அவர்களும் வாய் திறப்பதில்லை. குழுவை விட்டுவிட்டுப் பெரிய கூட்டத்தையே வாரம் இருமுறை நடத்தலாம் என்கிறார்கள் நண்பர்கள். செய்தியாளர், பாட்டுக்குழு எல்லாவற்றையும் இலவசமாக ஏற்பாடு செய்து தருவதாக வெளியூர் அண்ணன் ஒருவரும் சொல்கிறார். என்ன செய்யலாம்? ஒரு கீபோர்டு வாங்கலாமா?

பதில்:

தம்பி, குழுவை நிறுத்தாதீர்கள். பெரிய கூட்டத்தை இரட்டிப்பாக்கவும் வேண்டாம், பாதியாகக் குறையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒன்று போதும். அந்த அண்ணனைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நாலு பேரும் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று எழுதவில்லை. முக்கால் மணி நேரக் குழுவில் நீங்கள் மட்டும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசியிருப்பீர்கள் என்பது என் ஊகம். கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தில் பல ஐக்கியங்களின் குழுக்களில் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் நான். பெயர்தான் குழு, நடப்பது குட்டிப் பிரசங்கம். பிரசங்கம் என்றால் நாற்பது பேரோடு உட்கார்ந்து கேட்பதுதான் சுகம். நாலு பேரோடு கேட்டால் கொட்டாவி கூட விட முடியாது. பையன்கள் பிறகு எப்படி வருவார்கள்?

பெரிய கூட்டம் திருவிழா மாதிரி. புதிதாக வந்த முதலாமாண்டுப் பையன் 'நம்ம ஆட்கள் இத்தனை பேர் இருக்காங்களே' என்று தெம்பு கொள்ள அது வேண்டும். ஆனால் அவனுக்கு இரண்டு பேப்பர் அரியர் விழுந்தது, வீட்டில் அப்பா குடிக்கிறார் என்பதெல்லாம் அங்கே வெளியே வராது. அது ஆறு பேர் உட்காருகிற திண்ணையில்தான் வரும். ஆதித் திருச்சபையும் தேவாலயத்திலும் கூடியது, வீடுகளிலும் கூடியது. அப்போஸ்தலர் 2-ம் அதிகாரக் கடைசியைப் பாருங்கள்.

குழு ஏன் ஆறு பேர் என்று கேட்பீர்கள். ஆறு பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பழகும் ஜோடிகள் 15. பன்னிரண்டு பேர் ஆனால் 66. முக்கால் மணி நேரத்தை ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும், பன்னிரண்டாகப் பிரித்தால் நாலு நிமிடம் கூடத் தேறாது. எட்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 'இப்பத்தான் நல்லா சேர்ந்திருக்கோம்' என்று அழுவார்கள். அதற்கு இளகாதீர்கள்.

இனி, வாய் திறக்க வைப்பது எப்படி? மாற்கு 2-ம் அதிகாரத்தில் முதல் 12 வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கை கால் முடங்கிய திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இறக்கிய சம்பவம். ஆளுக்கு இரண்டு வசனமாக வாசித்த உடனே, 'விசுவாசம் என்றால் என்ன?' என்று நீங்கள் கேட்டால் ஒருவரும் பேசமாட்டார்கள். அது பரீட்சைக் கேள்வி. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே பயந்து வளர்ந்த பிள்ளைகள் நாம்.

அதற்குப் பதிலாக, 'கூரையைப் பிரித்தபோது கீழே உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் என்ன விழுந்திருக்கும்?' என்று கேளுங்கள். ஒருவன் மண் என்பான். இன்னொருவன் லூக்கா 5-ல் ஓடு என்று இருக்கிறதே என்பான். 'உங்க வீட்டு மட்டப்பாவை இப்படி உடைச்சா உங்க அப்பா என்ன சொல்லுவார்?' என்று அடுத்த கேள்வி. சிரிப்பு வரும். சிரித்தவனுக்கு அடுத்து பேச வரும். அப்புறம், 'படுத்திருந்தவன் ஒரு வார்த்தை கூடப் பேசியதாக இல்லையே, ஏன்?' இதற்குக் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். கடைசிக் கேள்வி: 'இந்த செமஸ்டரில் நீ தூக்குகிறவனா, தூக்கப்பட வேண்டியவனா?' நாலு கேள்வி போதும், ஐந்தாவது வேண்டாம்.

கேள்வி கேட்டதும் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மனசுக்குள் ஒன்று முதல் பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். ஆறாவது எண்ணில் உங்களுக்கு வியர்க்கும். எட்டாவதில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

எல்லாம் தெரிந்த ஒருவன் எல்லாக் குழுவிலும் இருப்பான், பெரும்பாலும் சபை ஐயர், அதாவது போதகர், வீட்டுப் பிள்ளை. அவனை உங்களுக்கு எதிரே உட்கார வைக்காமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். கண்ணும் கண்ணும் பார்க்காவிட்டால் பாதிப் பேச்சு குறையும். கத்தோலிக்க மாணவர்கள் வந்தால் அவர்கள் கையில் 1995-ல் வந்த திருவிவிலியம் இருக்கும். நீங்கள் யாத்திராகமம் என்றால் அவர்கள் விடுதலைப் பயணத்தைப் புரட்ட வேண்டும், சங்கீதம் என்றால் திருப்பாடல்கள். இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். பெண்கள் விடுதிக் குழுவை அங்கே தங்கியிருக்கிற ஒரு மாணவியே நடத்தட்டும்.

குழுவில் சொன்னது குழுவோடு இருக்கவேண்டும். நம் ஊரில் புறணிக்கு இன்னொரு பெயர் ஜெபக்குறிப்பு. 'அந்த சிஸ்டருக்காக ஜெபிச்சிக்கோங்க, ஒரு பையன் விஷயம்' என்று ஒருத்தி வாட்ஸ்அப்பில் போட்டாள் என்றால், அந்தக் குழுவில் அதற்கு மேல் ஒருவரும் உண்மை பேசமாட்டார்கள்.

குழு வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், மாற்றக்கூடாது என்பது விதி. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: பஸ் பிள்ளைகள். சாத்தான்குளம், வள்ளியூர், ஆலங்குளம், அம்பாசமுத்திரம் பக்கமிருந்து தினமும் வந்து போகிற பிள்ளைகள் மாலை ஐந்து மணிக் குழுவுக்கு வரவே முடியாது. கல்லூரி பஸ்ஸை விட்டால் டவுன் பஸ் பிடித்து புது பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து ஊர் பஸ், அப்புறம் ஊருக்குள் நடை. பெண் பிள்ளை என்றால் வீட்டில் அன்றைக்கே ஐக்கியத்துக்கு முற்றுப்புள்ளி. விடுதிப் பையன்கள் இதைப் புரிந்துகொள்வதே இல்லை. 'ஆர்வம் இருந்தா வருவாங்க' என்பார்கள். ஆர்வம் இருக்கிறது தம்பி, பஸ்தான் இல்லை. அவர்களுக்கு மதிய இடைவேளையில் வையுங்கள். வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸோடு உட்காரட்டும். முதல் பத்து நிமிடம் சாப்பாடு மட்டும். யார் வீட்டில் என்ன குழம்பு என்ற பேச்சும் ஐக்கியம்தான். வேதபகுதியை முந்தின நாள் இரவே அனுப்பிவிடுங்கள், பஸ்ஸில் வாசித்துக்கொண்டு வருவார்கள். இரண்டே கேள்வி. ஒருவர் மட்டும் ஜெபிக்க வேண்டும், வட்டமாக ஆளாளுக்கு ஜெபித்தால் பெல் அடித்துவிடும். மொத்தம் 25 நிமிடம். இவர்களுக்கு மட்டும் வாரத்தில் எந்த நாள் என்பதை மாற்றிக்கொள்ளலாம், லேப் இருக்கிற நாளில் இடைவேளையே பாதி போய்விடும். ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சலுகை விடுதிப் பிள்ளைகளுக்கு இல்லை.

பெரிய கூட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம். மூன்று பாட்டு, அதில் ஒன்று கிராமத்துச் சபையிலிருந்து வந்த பிள்ளைக்கும் தெரிந்த பாமாலையோ கீர்த்தனையோ ஆக இருக்கட்டும். நாலு நிமிடத்தில் ஒருவர் தன் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் சாட்சி. செய்தி 25 நிமிடம். செய்தியாளருக்கு நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அப்போஸ்தலர் பவுலே துரோவா பட்டணத்தில் நள்ளிரவு வரை பேசியதில்தான் ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப் போய் அவனை எழுப்பினார். உங்கள் செய்தியாளரால் அது முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஐந்தைந்து பேராக உட்கார வைத்து, செய்தியிலிருந்து ஒரே ஒரு கேள்வியைப் பேச விடுங்கள். 'மீதியைச் செவ்வாய்க்கிழமை பேசுவோம்' என்று முடியுங்கள். நாலு பேர் குழு எட்டுப் பேர் குழுவாக ஆவது இப்படித்தான்.

சரி, அந்த அண்ணன். வெளியூர் அண்ணன்கள் வருகிற வழி எனக்கு மனப்பாடம். 'சென்னையிலிருந்து பிரபலமான பிரதர் இந்தப் பக்கம் வர்றார், உங்க காலேஜுக்கு ஒரு மணி நேரம் தர்றேன்னு சொல்லியிருக்கார், சவுண்டு, பாட்டு எல்லாம் நாங்களே, நீங்க பிள்ளைகளை மட்டும் கூட்டிட்டு வாங்க.' இலவசம் என்று நீங்கள் வாயைப் பிளப்பீர்கள். கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு காணிக்கைக் கவர் சுற்றி வரும். அதுகூடப் பெரிதில்லை. கவருக்குப் பின்னால் ஒரு நோட்டு வரும்: பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம், அப்பா என்ன வேலை.

ஒரு வருடம் நாங்களும் இப்படி ஏமாந்தோம். பொறுப்பாசிரியர் என்று கையெழுத்துப் போட்டவனே நான்தான். நோட்டில் அறுபது பேர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு பனையேறியின் மகன் என்னிடம் வந்து, 'சார், மாசம் 200 ரூபாய் கல்லூரிக்கு எதுக்கு?' என்று கேட்டான். விசாரித்தால், 'உங்கள் மகன் படிப்புக்காக ஜெபிக்கிறோம்' என்று கடிதமும் மணியார்டர் பாரமும் அவன் வீட்டுக்கு வந்திருக்கிறது. அந்த அப்பா அதைக் கல்லூரிக் கட்டணம் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் ஐக்கியத்தில் வெளியார் நோட்டு உள்ளே வரக்கூடாது என்று வைத்தோம். இப்போது நோட்டு இல்லை, கியூஆர் கோடு ஒட்டிய அட்டை. விஷயம் அதேதான்.

இன்னொரு வகை அண்ணன் பணம் கேட்கமாட்டார், ஆளைக் கேட்பார். கூட்டம் முடிந்ததும் நாலு பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, 'உங்க சபையில ஜீவன் இல்ல, மறுபடி ஞானஸ்நானம் எடுக்கணும்' என்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு பேரும் அவர் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் இருப்பார்கள். ஊரில் அப்பா அம்மாவோடு சண்டை வேறு. யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் சபை, அங்கே யாரிடம் விசாரிக்கலாம், காணிக்கை எடுக்காமல் வருவீர்களா? மூன்றாவதற்குத் தடுமாறினால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். செய்தியாளருக்காகச் சென்னை வரை போக வேண்டாம். பக்கத்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அக்கா, பேங்கில் இருக்கிற உங்கள் சீனியர், ஒரு பள்ளி ஆசிரியர், இவர்களைக் கூப்பிடுங்கள். பஸ் காசும் டீயும் போதும்.

இப்படிப்பட்ட அண்ணன்கள் முளைப்பதற்கு நாமும் காரணம். செமினார் ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார, துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு மனு, அலுவலகத்தில் சீல், பொறுப்பாசிரியர் கையெழுத்து. எல்லாம் முடிந்து போனால் சாவி வைத்திருக்கிற அட்டெண்டர் லீவு. சபைப் பக்கம் திரும்பினால் வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளராக இருப்பவருக்கு 42 வயது, சபைத் தேர்தல் வருகிற வருடத்தில் மட்டும்தான் வாலிபர்கள் ஞாபகம் வருவார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த அசரியா, 1903-ல் இங்கே இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றபோது அவருக்கு வயது 28. இன்றைக்கு அந்த வயதுக்காரரிடம் சபையில் மைக் செட் பார்க்கிற வேலையைத்தான் கொடுப்பார்கள். மனுவை ஜூன் மாதமே ஆண்டு முழுமைக்குமாக ஒரே தடவையில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பொறுப்பாளரை பிப்ரவரிக்குள் சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் பரீட்சை பயத்தில் யாரும் தலையாட்டமாட்டார்கள்.

காணிக்கை எடுத்தால் பெரிய கூட்டத்தில் மட்டும். இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கீபோர்டு வேண்டாம். வாங்கினால் எங்கே பூட்டி வைப்பீர்கள்? எங்கள் காலத்தில் ஒரு தபேலா வாங்கி வார்டன் அறையில் வைத்தோம். மூன்று வருடம் கழித்து ஒரு பக்கத் தோல் இல்லாமல் வந்தது, உள்ளே யாரோ வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள். கைதட்டிப் பாடுங்கள்.