போர் போடும் முன் மீட்டர் வைத்துப் பார்ப்பது வீண் செலவா?

ஆழ்துளைக் கிணறு போடும் முன் நிலத்தின் மின்தடையை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பது வீண் செலவா, நீரோட்டம் பார்ப்பவரே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் ஏற்கெனவே ஒரு போர் பொய்த்திருக்கும், இல்லையென்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எங்கள் தோட்டம் காங்கேயம் பக்கம். நீரோட்டம் பார்ப்பவரின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடங்களில் அப்பா இரண்டு போர் போட்டார். இரண்டாவது 900 அடி, விடிய விடிய ரிக் வண்டி ஓடியும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது, அம்மாவின் நகை அதோடு போனது. மூன்றாவதுக்கு நாள் குறித்தபோதுதான் நான் பிடிவாதமாக மின்தடை ஆய்வுக்கு ஆள் கூட்டி வந்தேன். நேர்கோட்டில் நான்கு கம்பிகள் அடித்தார். காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்க வேண்டும் என்று கம்பியடியில் உப்புத்தண்ணீர் ஊற்றினார். அப்புறம் வெளிக்கம்பிகள் இரண்டையும் தள்ளித் தள்ளி நட்டு அளந்துகொண்டே போனார், இடைவெளி கூடக் கூட இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியுமாம். ஈரமான உக்கல் பாறையில் (உக்கி உதிரும் பாறை) கரண்ட் சுலபமாகப் போகும், விரிசல் இல்லாத பாறை விடாது. எங்கள் நிலத்தில் 70 அடிக்குக் கீழே மின்தடை அளவு ஏறிக்கொண்டே போனது.

"கீழ பூரா கெட்டிப் பாறைங்க, போர் போடாதீங்க. பழைய கிணத்தைத் தூர் வாரி சைடு போர் போடுங்க" என்றார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அப்படியே தூர் வாரி, கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளை போட்டோம். இப்போது தினமும் இரண்டரை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது. அந்தத் தண்ணீருக்குத் தகுந்த மாதிரி வாழை ஆசையை விட்டுவிட்டு, தென்னைக்குச் சொட்டுநீர், மீதியில் சோளத்தட்டு.

"எனக்குத் தேங்காய்தான் தண்ணீர் காட்டியது" என்று சண்டைக்கு வராதீர்கள், மீட்டரும் தவறும். களிமண்ணும் நிலத்தடி உப்புத்தண்ணீரும்கூட மின்தடை அளவைக் குறைத்துக் காட்டி, நல்ல தண்ணீர் இருப்பதுபோல் ஏமாற்றும். சின்ன நிலத்தில் கம்பியை இழுக்கவே இடம் போதாது. எத்தனை இன்ச் தண்ணீர் வரும் என்று அடித்துச் சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள். வேளாண் பொறியியல் துறையிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருகிறார்கள், முதலில் அங்கே கேளுங்கள்.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு. ஊர்க் குட்டைக்கு வரும் ஓடையை மண் போட்டு மூடி சைட் பிரித்து விற்றுவிட்டார்கள். மனு கொடுத்து நாலு வருடம் ஆகிறது. அந்தக் குட்டை நிறைந்தால்தான் எங்கள் கிணறு ஊறும். போன ஐப்பசி மழையில் தார் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது, கிணற்றில் ஒரு படிகூட ஏறவில்லை.