குருவித் தீனிக்கு அணிலும் எலியும் போட்டி

கேள்வி: கொடுங்கையூரில் எங்கள் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கம்பியில் ஒரு டப்பாவைக் கட்டி, சிட்டுக்குருவிகளுக்குக் கம்பும் நொய்யும் போடுகிறேன். அணில்கள் வந்து காலி செய்கின்றன, புறாத் தொல்லை வேறு. இப்போது தரையில் எலிப் புழுக்கையும் கிடக்கிறது. எலி மருந்து வைக்கலாமா?

பதில்: மருந்து வேண்டவே வேண்டாம். தானியத்தில் கலந்து வைக்கும் விஷத்தைக் குருவியும்தான் கொத்தும். ஒட்டும் அட்டையும் வேண்டாம், எலிக்கு முன்னால் அணிலோ குருவியோ அதில் சிக்கிக்கொள்ளும்.

அணிலைவிட அந்தப் புழுக்கைதான் எனக்குக் கவலை. அணில் பகலில் நடமாடும் பிராணி, பொழுது சாய்ந்தால் கூட்டுக்குப் போய்விடும். ராத்திரி மிஞ்சிக் கிடக்கும் தீனிதான் எலியையும் பெருச்சாளியையும் மாடிக்கு ஏற்றுகிறது. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுவது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் நம் பகுதியில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. எனவே காலையில் ஒரு கைப்பிடி மட்டும் போடுங்கள். அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். குருவி கொத்தும்போது பாதியைக் கீழே இறைக்கும், அதற்கு டப்பாவின் அடியில் ஒரு அகலத் தட்டைக் கட்டிவிடுங்கள். இருட்டுவதற்கு முன் தட்டு, டப்பா இரண்டையும் உள்ளே எடுத்து வைத்து, தரையைப் பெருக்கிவிடுங்கள். எலி தானாகக் குறையும்.

சரி, அணிலுக்கு வருவோம். மரத்திலிருந்து கேபிள் டிவி ஒயர், அங்கிருந்து கைப்பிடிச் சுவர், அப்புறம் உங்கள் கொடிக் கம்பி. பெரும்பாலும் இதுதான் அதன் வழி. டப்பாவுக்கு இரு பக்கமும் கம்பியில் இரண்டடி நீளத்துக்கு பிவிசி குழாய்த் துண்டுகளைக் கோர்த்துவிடுங்கள். குழாய் இறுக்கமாக இருக்கக்கூடாது, தளர்வாகச் சுழல வேண்டும். அணில் கால் வைத்ததும் குழாய் உருளும், பிடிமானம் கிடைக்காது. சுவர், தண்ணீர்த் தொட்டி, மரக்கிளை எதிலிருந்தும் டப்பா ஆறேழு அடியாவது தள்ளி இருக்கட்டும். கம்பியில் கிரீஸ் தடவும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இறகில் ஒட்டினால் குருவிக்கு ஆபத்து.

எடை பட்டால் மூடிக்கொள்ளும் தீனிப்பெட்டிகள் ஆன்லைனில் விற்கின்றன. அவற்றில் பல, அரைக் கிலோ எடை உள்ள வெளிநாட்டு அணிலுக்காகச் செய்தவை. நம் முதுகுக்கோடு அணில் சுமார் 100 கிராம்தான். வாங்கினால் காசுக்குக் கேடு.

மிளகாய் வைத்தியம் உண்மையிலேயே பலன் தரும். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. வீட்டுக் கிளி மிளகாயைக் கடித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அணிலுக்கும் எலிக்கும் நம்மைப்போலவே எரியும். ஆனால் பொடியாகத் தூவாதீர்கள், மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசும்போது உங்கள் கண்ணுக்குத்தான் வரும். மிளகாய்த்தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் கம்பைப் பிரட்டி, நன்றாக உலர்த்திப் போடுங்கள்.

புறாவுக்கும் காக்கைக்கும் டப்பாவைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலைக் கூண்டு போதும். குருவி நுழையும், புறா நுழையாது. அணில் நெளிந்து நுழைந்துவிடும் என்பதால் குழாயையும் கழற்றாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தீனியை அன்றே கொட்டிவிடுங்கள். பூஞ்சை பிடித்த தானியம் குருவிக்கு விஷம். டப்பாவை வாரம் ஒருமுறை கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு தீனி போடுங்கள்.