யாழ்ப்பாணத்தில் கம்பனி நடத்தும் ஒரு விஞ்ஞானி பாராளுமன்ற உறுப்பினராக முடியுமா?

தாராளமாக முடியும். முதலில் பார்க்கவேண்டியது குடியுரிமை. வெளிநாட்டில் படித்து, ஆய்வு செய்து, அந்நாட்டுக் குடியுரிமையோடு ஊர் திரும்பியவர்கள் எங்களிடையே பலர். 2022இல் வந்த 21ஆம் திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமை உள்ளவர் உறுப்பினராக முடியாது, மற்றதைத் துறக்கவேண்டும். கம்பனிக்கு அரசாங்க ஒப்பந்தம் இருந்தால், யார் உறுப்பினராக முடியாது என்று சொல்லும் அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரையைச் சட்டத்தரணி ஒருவரோடு இருந்து வாசியுங்கள்.

225 பேரில் 29 பேர் தேசியப் பட்டியலால், அதாவது நாடு முழுவதும் கட்சி எடுத்த வாக்குகளின்படி வருபவர்கள். அது கட்சித் தலைமையின் கையில் இருப்பதால் அதை நம்பி இருக்கவேண்டாம் என்பேன். மற்ற 196 பேரும் மாவட்டத் தெரிவு. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2024இல் 6 ஆசனங்கள். தனியாளாகப் போட்டியிட முடியாது. கட்சியோ சுயேச்சைக் குழுவோ ஆசனங்களை விட 3 பேர் கூடுதலாக, அதாவது 9 பேரை நிறுத்தவேண்டும். மாவட்டத்தில் 5 வீத வாக்காவது எடுக்காத அணிக்கு ஆசனம் இல்லை. அணிக்குள் யார் என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். ஒரு வாக்காளர் 3 பேருக்கு இடலாம். 2024இல் சுயேச்சைக் குழு ஒன்றும் இங்கே ஓர் ஆசனம் எடுத்ததே!

இப்படியான விஞ்ஞானிகள் பாராளுமன்றம் போகவேண்டும் என்பதே என் விருப்பம். சுண்ணக்கல் நிலத்தடியில் இருந்து வரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உரத்தால் நைத்திரேற்று கூடுவதைப் பற்றி, பாராளுமன்றக் குழுக்களில் தரவோடு அமைச்சு அதிகாரிகளைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும்.