காலேஜ் லானுக்கு உரத்தை குறைச்சா புல்லு மஞ்சளாயிடுமா?

கேள்வி: கொடைக்கானல்ல ஒரு காலேஜ்ல தோட்டப் பொறுப்பு எனக்கு. வருஷா வருஷம் யூரியா, டிஏபி மூட்டை மூட்டையா போடுறோம். மழை பெஞ்சா எல்லாம் கீழ ஓடைக்குத்தான் போகுது, தண்ணி பச்சையா பாசி கட்டுது. பாதியா குறைக்கலாம்னா லான் மஞ்சளாகி பிரின்சிபால் என்னைத்தான் பிடிப்பாங்க.

பதில்: தாராளமா குறைங்க மேடம். டிசம்பர், ஜனவரில புல்லு வெளுக்கறது பனி கருக்கறதால, அப்போ யூரியா கொட்டினா புல்லு எடுத்துக்காது. வெட்டின புல்லை அள்ளாம அங்கயே விடுங்க, தேவையான தழைச்சத்துல (நைட்ரஜன், யூரியால இருக்கறதும் இதுதான்) கால்வாசி கிட்ட அதுலயே கிடைச்சிரும். மீதிக்கு ஜூன் வாக்குல ஈரம் இருக்கறப்போ ஆயிரம் சதுர அடிக்கு அரை கிலோ யூரியா போதும், அக்டோபர் பெருமழைக்கு முன்னாடி கைய வைக்காதீங்க.

டிஏபிய நிறுத்திடுங்க, அதுல அதிகமா இருக்கறது மணிச்சத்து (பாஸ்பரஸ்). மலை மண்ணு புளிப்பு மண்ணு, அதுல இருக்கற இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும், புல்லுக்கு லேசுல விடாது, மண்ணு கரைஞ்சு ஓடும்போது கூடவே போய் பாசிய வளர்க்கும். ஒரே ஒரு இடத்துக்கு விதிவிலக்கு உண்டு: புதுசா மண் வெட்டி புல்லு நட்ட சரிவு. அங்க வேர் சீக்கிரம் பிடிக்கலன்னா மண்ணே சரிஞ்சு ஓடைக்கு வந்துரும், அது உரத்தை விட மோசம், அதனால நடும்போது மட்டும் கொஞ்சம் டிஏபிய மண்ணுக்குள்ள கலந்து விடுங்க, மேல தூவக்கூடாது, வேர் பிடிச்சதும் திரும்ப போடக்கூடாது. நட்டு ரெண்டு வருஷமான சரிவைக் காட்டி "புதுசு"ன்னு மூட்டை கேப்பாங்க, கொடுக்காதீங்க.

இப்போ கான்ட்ராக்டர் விஷயம். 15 நாள்ல பச்சையாக்கறேன்னு வர்றவரை கேட்டுக்கு வெளியவே நிறுத்துங்க. விவசாயிக்குன்னு மானியத்துல 45 கிலோ மூட்டை 270 ரூபா சுமாருக்கு வர்ற யூரியாவ உங்களுக்கு என்ன ரேட்டுக்கு பில் போட்டிருக்காருன்னு எடுத்துப் பாருங்க, புரியும். "ஆர்கானிக்"னு கீழ இருந்து ஏத்திட்டு வர்ற கோழி எருவும் சாது கிடையாது, அதுலயும் மணிச்சத்து அள்ளிக் கிடக்கு. சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாள்ல போடற ஆளும் இருக்காங்க, அம்மோனியா நாத்தம் மூக்குல ஏறும், காசு காத்துல போகும்.

ஆனா அவங்களை மட்டும் சொல்லி என்ன, மார்ச் 31க்குள்ள பட்ஜெட்டை தீர்க்கணும்னு மூட்டைய இறக்கி கொட்டறது ஆபீஸ் தானே! அடுத்து கோடை மழை வரும்னு கணக்குப் பிள்ளைக்கு யாரு சொல்றது. அடுத்த எஸ்டிமேட்ல "இத்தனை மூட்டை"ன்னு எழுதாம "மண் பரிசோதனை ரிசல்ட் படி"ன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. நாலஞ்சு இடத்துல விரல் நீளம் தோண்டி மண் எடுத்து கலந்து, நிழல்ல உலர்த்தி அரை கிலோ கொடுத்தா போதும். ஓடைக்கரையில பத்தடிக்கு உரமும் வேண்டாம், புல்லு வெட்டவும் வேண்டாம்.