அந்தப் பையன் எங்கே போவான்?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக சத்தீஸ்கரில் உள்ள பஸ்தர் போகிறேன். மாவோயிஸ்டுகள் கிராமங்களில் எப்படி வேரூன்றினார்கள், அரசு அதை எப்படி அறுத்தது என்பது தலைப்பு. மாவோயிஸ்ட் தலைவர் பசவராஜு கொல்லப்பட்ட பிறகு அங்கே பெரிய ஆபத்து இல்லை. அப்பா போட்டில் கடலுக்குப் போகிறவர். அம்மா பயப்படுவார் என்று ஹைதராபாத் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்குள்ள ஆதிவாசிகளின் கோண்டி மொழி தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் நாளுக்கு 500 ரூபாய்க்குக் கூட வருகிறான். பேட்டிக்கு ஆள் பிடிப்பதை அவனே பார்த்துக்கொள்வான். அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: அம்மா கதை அப்புறம். முதலில் அந்தப் பையன். கடிதம் முழுக்க உன் படிப்பு, உன் வீட்டுப் பயம். அவனுக்கு ஒரே வரி, அதுவும் கூலியோடு.

நீ என்னதான் படித்தாய் தம்பி? 2005-இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக, அரசு ஆதரவோடு சல்வா ஜுடும் என்ற இயக்கத்தைத் தொடங்கி ஊரை இரண்டாக்கினார்கள். ஆதிவாசி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கித் துப்பாக்கி கொடுத்தார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில் சொன்னது. இன்றைய டி.ஆர்.ஜி என்ற மாவட்டக் காவல் படையிலும் உள்ளூர்க்காரர்கள்தான், சரணடைந்த மாவோயிஸ்டுகளும் உண்டு. யார் எந்த வீட்டுக்குப் போய் வருகிறார் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! அங்கே போய் இவன் வெளியூர் ஆளை வீடு வீடாகக் கூட்டிப்போவானாம். ஒரு தரப்பு இவனைப் போலீஸ் உளவாளி என்னும். அந்தப் பேர் வாங்கியவர்களை மாவோயிஸ்டுகள் என்ன செய்தார்கள் என்று உனக்கே தெரியும். மறு தரப்பு, அவர்கள் ஆள் என்று ஸ்டேஷனுக்கு இழுக்கும். 2025 மே மாதம் தலைவர் செத்ததால் ஊருக்குள் இருக்கும் பழைய பகை தீர்ந்துவிடாது. நீ ஜகதல்பூரில் ரயில் ஏறிவிடுவாய். அவன் எங்கே போவான்?

ஆள் பிடிக்கிற வேலையை அவன் தலையில் கட்டாதே. அவன் வீட்டுக்குப் போய், பெற்றவர்கள் எதிரில் ஆபத்தை உடைத்துச் சொல். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடு. சல்வா ஜுடும் காலத்தில் தப்பி ஓடி தெலங்கானாவில் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன, நீதிமன்ற ஆவணங்கள் இருக்கின்றன, ஆய்வு நின்றுபோகாது. சம்மதித்தால், உன் நோட்டிலும் போனிலும் அவன் பேர் இருக்கக் கூடாது.

சரி, உன் அம்மா. போட் ஏறுகிறவரைக் கட்டிக்கொண்டவருக்குப் பயம் புதிதா? உன் அப்பா எங்கே போகிறார் என்று தெரிந்துதான் அவர் பயப்படுகிறார். நீ அதைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பெற்றவளிடம் ஊர் பேரை மாற்றிச் சொல்லிவிட்டுப் போய் வாங்குகிற டாக்டர் பட்டத்தில் எனக்கு மரியாதை இல்லை. இன்று ராத்திரியே சொல். திட்டினால் வாங்கிக்கொள்.